சாவிக்கொத்தும் வெந்நீரும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் டன் கணக்கில் இரும்பு உருக்குகிறார்கள். அங்கேயும் சரி, திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டிலும் சரி, ஒருவருக்கு வலிப்பு வந்துவிட்டால் நாம் முதலில் தேடுவது சாவிக்கொத்தைத்தான். இரும்புக்கும் வலிப்புக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை!

உறவு வேறு இடத்தில் இருக்கிறது. தலையில் வெந்நீர் ஊற்றினாலே சிலருக்கு வலிப்பு வரும். தென்னிந்தியாவில், அதிலும் கர்நாடகத்தில், இது அதிகம். ஒரே குடும்பத்தில் பலருக்கு வருவதைக் கவனித்த பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்களும் ஜவாஹர்லால் நேரு ஆய்வு மையத்தினரும் மரபணுவில் தேடினார்கள். 2009-இல் 4-ஆவது, 10-ஆவது குரோமோசோம்களில் தொடர்புள்ள பகுதிகள் சிக்கின. பேயும் இல்லை, சாபமும் இல்லை.

வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.