தாய்மார்கள் அறிய வேண்டிய தற்காப்பு

(கோலசிலாங்கூர், வட சிலாங்கூர்த் தோட்டத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா முதலிய இடங்களைச் சூழ்ந்துள்ள தோட்டங்களில், பொழுது புலருமுன் வேலைக்குப் புறப்படும் தாய்மார்கள் தம் உடல்நலத்தைக் கடைசியாகவே எண்ணுகின்றனர். கருப்பையைச் சார்ந்த தொல்லையென்றால் வெளியே சொல்லவும் நாணுகின்றனர். நாணம் நற்பண்பே, ஆயினும், உயிருக்கு ஊறு விளைக்கும் நாணத்தை நாம் விலக்கியே ஆக வேண்டும்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எச்.பி.வி. என்னும் வைரஸ் கிருமியே காரணம் என்பதைக் கண்டறிந்தமைக்காக, ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008 ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. உடலுறவின் வழியே பரவும் இக்கிருமி மிகப் பரவலானது. ஆதலின் எவரையும் பழிப்பதற்கு இடமில்லை. பெரும்பாலோரிடம் அஃது ஓரிரு ஆண்டுகளில் தானே மறைந்துவிடுகிறது. மறையாது நிலைத்துவிடின், 15 முதல் 20 ஆண்டுகளில் புற்றுநோயாக மாறக்கூடும்.

சிலரிடம் மட்டும் அது நிலைத்துவிடுவது ஏன்? புகைபிடித்தலும் உடலின் எதிர்ப்பாற்றல் குன்றுதலும் அறியப்பட்ட காரணங்கள். அண்மைக்கால ஆய்வுகள் மற்றொன்றையும் சுட்டுகின்றன. மங்கில் நெடுநேரம் கிடக்கும் ரப்பர்ப் பால் தானே புளித்துக் கட்டியாவதை நாம் அறிவோம். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் உண்டாக்கும் புளிப்பே அதற்குக் காரணம். பெண்ணின் பிறப்புவழியிலும் இத்தகைய நுண்ணுயிர்கள் வாழ்வதை ஆல்பர்ட் டோடர்லைன் என்னும் மருத்துவர் 1892 இலேயே விளக்கினார். லாக்டோபேசிலஸ் எனப்படும் அவை, பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களின் உறவினம். அவை சுரக்கும் புளிப்பு, தீய கிருமிகள் பெருகாதவாறு காவல் செய்கிறது. இக்காவல் குன்றி வேறு கிருமிகள் மிகுந்த பெண்களிடம் எச்.பி.வி. அதிகம் காணப்படுவதும், நீங்கத் தாமதிப்பதும் ஆய்வுகளில் தெரியவந்துள்ளன. எது காரணம், எது விளைவு என்பது இன்னும் முடிவாகவில்லை.

எனவே நாம் செய்யத்தக்கவை யாவை? முதலாவதாக, கிருமிநாசினி, சோப்பு முதலியவற்றால் உட்புறத்தைக் கழுவ வேண்டா. தூய்மை என்று கருதிச் செய்யும் அச்செயல் காவலையே கலைத்துவிடும். வெளிப்புறத்தை நீரால் கழுவினால் போதும். இரண்டாவதாக, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், உறவுக்குப் பின்னோ மாதவிலக்கு நின்ற பின்னோ இரத்தம் காணுதல் ஆகியவற்றை மறைக்காமல் உடனே அரசாங்கக் கிளினிக்கை நாட வேண்டும்.

தயிர் உண்பதாலோ பூசுவதாலோ எச்.பி.வி. நீங்கும் என்பதற்குச் சான்றில்லை. நல்ல நுண்ணுயிர் துணைக்காவலே. முதற்காவல் தடுப்பூசியும் பரிசோதனையும்தாம். நம் நாட்டில் 13 வயது மாணவியருக்கு இலவசமாக இத்தடுப்பூசி போடும் திட்டம் 2010 இல் தொடங்கியது. பள்ளியிலிருந்து வரும் சம்மதப் படிவத்தைத் தந்தையர் தயங்காமல் கையொப்பமிட்டு அனுப்புதல் வேண்டும். புற்றுநோய் விளைக்கும் எல்லா வகைக் கிருமிகளையும் ஊசி தடுப்பதில்லை. ஆதலின் ஊசி போட்டவர்க்கும் உரிய வயதில் பரிசோதனை தேவை.

பரிசோதனைக்கு நாணுவோர்க்கும் வழி பிறந்துள்ளது. மலாயாப் பல்கலைக்கழகத்தினர் 2018 இல் தொடங்கிய ரோஸ் திட்டத்தில், பெண் தானே மறைவிடத்தில் பஞ்சு முனைக் குச்சியால் மாதிரி எடுத்துத் தரலாம். முடிவு கைத்தொலைபேசிக்கு வந்து சேரும். 30 வயதைக் கடந்த தாய்மார்கள் அருகிலுள்ள கிளினிக்கில் எச்.பி.வி. பரிசோதனை பற்றிக் கேட்டறிதல் நலம். கிருமி இருப்பதாக முடிவு வந்தால் அது புற்றுநோய் என்று பொருளன்று. மேற்பரிசோதனைக்குச் செல்லவேண்டும் என்பதே பொருள். புற்றுநோயாகுமுன் காணப்படும் மாற்றங்களை அகற்றிவிட இயலும்.

சகோதரர்களே, ஒரு நாள் கூலி போய்விடுமே என்று தாய்மார்கள் தயங்கும்போது, ‘போய் வா, பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று கூறவேண்டியவர்கள் நீங்களே. அச்சொல் ஓர் உயிரைக் காக்கலாம்.