இலவசக் கல்வியும் ஈட்டுக் காணியும்

(கிராம வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945-ஆம் ஆண்டு இந்நாட்டில் இலவசக் கல்வி பிறந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை சம்பளம் கட்டவேண்டியதில்லை. நன்று. ஆயினும், பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ பிள்ளையை அனுப்பிய தகப்பனைக் கேட்டுப் பாருங்கள்! அறை வாடகை இலவசமா? சோறு இலவசமா? பஸ் கட்டணமும் கணினியும் இலவசமா? அனுமதிக் கடிதம் வந்த மகிழ்ச்சி அடங்குமுன்னரே தாயின் தாலிக்கொடி அடைவுக்குப் போகிறது. தோட்டக் காணி ஈட்டுக்குப் போகிறது.

காணியைத் தொடுமுன் கேட்டுப் பெறவேண்டியது ஒன்று உண்டு. 1981-ஆம் ஆண்டின் 66-ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது மகாபொல நிதியம். அபிவிருத்தி லொத்தர்ச் சபையின் இலாபத்திலிருந்தும் அதற்குப் பணம் சேர்கிறது. (சீட்டு விழாத அன்பர்கள் ஆறுதல் கொள்ளலாம்!) மாதம் 5,000 ரூபாவாயிருந்த இப்புலமைப்பரிசிலை 7,500 ஆக்குவதாக 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தனர். மகாபொல கிடையாத வறிய மாணவருக்குரிய பர்சரி 4,000-லிருந்து 6,500 ஆகுமென்றனர். இன்றைய விலைவாசியில் இது போதாது. ஆனால் விட்டுவிடத் தக்கதுமன்று.

விட்டுவிடுகிறோமே, அதுதான் என் மனக்குறை. எனக்குத் தெரிந்த கமக்காரர் ஒருவர், வெங்காயம் விற்று வந்த முழுத்தொகையையும் தம் ஆண்டு வருமானமென்று விண்ணப்பத்தில் எழுதினார். விதைக்கும் உரத்துக்கும் கூலிக்கும் இறைப்புக்கும் போனதைக் கழிக்கவில்லை. "வந்த காசை மறைக்கலாமோ தம்பி?" என்று என்னையே கேட்டார். கடதாசியில் அவர் செல்வந்தரானார். மகனுக்கு உதவி மறுக்கப்பட்டது. செலவைக் கழிப்பது பொய்யன்று, ஐயா! கொப்பியொன்றில் வரவையும் செலவையும் அன்றன்று குறித்துவைத்தால், கிராம உத்தியோகத்தர் முன்னும் பிரதேச செயலகத்திலும் துணிந்து பேசலாம். உதவி கேட்பது மானக்கேடென்று கருதுவோரும் நம்மிடையே உளர். நாம் செலுத்தும் வரியில் நம் பிள்ளைக்குரிய பங்கைக் கேட்பதில் என்ன மானக்கேடு?

இன்னொன்று. பிள்ளை பல்கலைக்கழகத்திற் கால்வைத்த அன்றே பணம் வருவதில்லை, மாதங்கள் செல்லும். உயர்தரப் பரீட்சை முடிந்து அனுமதி கிடைக்கும்வரை உள்ள நீண்ட இடைக்காலத்தில் ஒரு சிறு சீட்டுப் பிடித்து, முதல் ஆறு மாதச் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடையாதோருக்கு 2017 முதல் வட்டியில்லாக் கடன் திட்டமொன்று இருக்கிறது. ஆனால் அது கடன், திருப்பிக் கட்டவேண்டும் என்பதை மறவாது கையொப்பமிடுங்கள்.

இங்கு முன்வரிசையில் வைத்தியர், சட்டத்தரணி, ஆசிரியர், கணக்காளர் பலர் வீற்றிருக்கிறீர்கள். உங்கள் வருமானத்துக்குச் சம்பளச் சிட்டை சாட்சி. பின்வரிசையில் நிற்கும் கமக்காரனுக்கு யார் சாட்சி? விண்ணப்பம் கோரும் வாரங்களில் ஞாயிறுதோறும் இவ்வாசிகசாலையில் ஒரு மேசை போடுவோம். படிவத்தை நிரப்பவும், மறுக்கப்பட்டால் மேன்முறையீடு எழுதவும் உங்களில் இருவர் வந்தமர்ந்தாற் போதும். முதல் ஞாயிறு நான் வருகிறேன். இரண்டாம் ஞாயிறு யார் வருகிறீர்கள்?