ஓடு வாங்குறதுக்கு முன்னாடி கூரைச் சட்டத்தைப் பாருங்க

அந்தமான்ல அபர்டீன் பஜார் பக்கம் புதுசா வீடு கட்டுறவங்க, பழைய தகரத்தைப் பிரிச்சுக் கூரை மாத்துறவங்க, ரெண்டு பேருக்கும் வர்ற கேள்வி இது: ஓடு போடலாமா? போடலாம். ஆனா ஓட்டோட விலையைக் கேக்குறதுக்கு முன்னாடி, அதைச் சுமக்கப் போற கூரைச் சட்டத்தையும் சுவரையும் பாருங்க.

ஓட்டு மேல ஆசை வர்றதுல நியாயம் இருக்கு. நம்ம தீவுல வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. தகரத்துல அது அடிக்கிற சத்தத்துல பக்கத்துல இருக்கிறவர் பேசுறது கேக்காது. வெயில் வந்தா உள்ளே அனல். உப்புக்காத்து ஆணி அடிச்ச இடத்துல துருவை ஆரம்பிச்சு வைக்கும். சுட்ட மண்ணுக்குத் துரு கிடையாது. சூட்டையும் மெதுவாத்தான் உள்ளே விடும். 1865-ல பாசல் மிஷன்ங்கிற கிறிஸ்தவ மிஷன் மங்களூர்ல ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பிச்சது. அந்தக் கரையோரம் கொட்டுற மழையில அந்த வகை ஓடு இன்னைக்கும் நிக்குது.

இப்போ எடையைப் பார்ப்போம். ஒரு ஓடு இரண்டரை கிலோன்னு வைங்க. சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடு. 100 சதுர மீட்டர் கூரைக்கு 1,500 ஓடு, கிட்டத்தட்ட 4 டன். நனைஞ்சா இன்னும் கூடும். தகரம்னா அரை டன் அளவுதான்.

இது நிலநடுக்க பூமி. 1941 ஜூன் 26, 2004 டிசம்பர் 26 நிலநடுக்கங்கள் நமக்குச் சொன்ன பாடம் அது. தரை ஆடும்போது தலைச்சுமை கூடக்கூட, சுவர் மேல விழற இழுப்பும் கூடும். அதனால தகரத்துக்குன்னு போட்ட பழைய சட்டத்துல ஓட்டை ஏத்தவே ஏத்தாதீங்க.

புது வீடுன்னா இப்படிச் செய்யுங்க. சுவர் உச்சியில சுத்திவர கான்கிரீட் பெல்ட் போட்டு, கைமரத்தை அதோட போல்ட் வச்சு இறுக்குங்க. சரிவு 30 டிகிரிக்குக் குறையாம இருக்கட்டும். முகட்டுக்குக் கீழே வர்ற முக்கோணச் சுவரைக் கல்லால உயர்த்தாம, பலகையால அடைச்சிடுங்க. ஒவ்வொரு ஓட்டையும் ரீப்பரோட கட்டுங்க. சாதாரணக் கம்பி துருப்பிடிச்சு அறுந்திடும், செம்புக் கம்பியோ துருப்பிடிக்காத எஃகுக் கம்பியோ வாங்குங்க. இறவாரம், ஓரம், முகடு, இந்த மூணு இடத்துலதான் காத்து முதல்ல தூக்கும். அங்கே கூடுதல் கவனம் வேணும்.

வாங்கும்போது ஓட்டைத் தட்டிப் பாருங்க, கணீர்னு கேக்கணும். காய்ஞ்ச ஓட்டை எடை போட்டு, ஒரு நாள் தண்ணியில ஊறவச்சுத் திரும்ப எடை போடுங்க. எடை அஞ்சுல ஒரு பங்குக்கு மேல கூடினா அந்தச் சரக்கு வேண்டாம். கப்பல்ல ஏத்தி இறக்கும்போது உடையும், அதனால கொஞ்சம் சேர்த்தே வாங்குங்க. எல்லாம் ஒரே தொழிற்சாலை ஓடா இருக்கட்டும். வேற அச்சுல செஞ்ச ஓடு பள்ளத்துல சரியாப் பொருந்தாது, இடுக்குல தண்ணி இறங்கும்.

சட்டம் தாங்காதுன்னு பொறியாளர் சொல்லிட்டா மனசு சங்கடப்படாதீங்க. நல்ல பூச்சுள்ள ஷீட் போட்டு, அடியில சீலிங் கொடுங்க. சத்தமும் சூடும் பெருமளவு குறையும். ஓட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு தடவை பொறியாளரைக் கூட்டிட்டு வந்து கூரைக்குள்ள ஏறிப் பாக்கச் சொல்லுங்க. அந்தக் கூரைக்குக் கீழேதான் உங்க பிள்ளைங்க தூங்கப் போறாங்க.