வசதி உள்ளவங்க கூடுதலாகக் கட்டுவது நியாயமா?

(கூட்டமைப்பின் காப்பீட்டுப் பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்துல ஒரு அக்கா எழுந்து கேட்டாங்க: "காப்பீட்டுச் சந்தா எல்லாருக்கும் ஒண்ணா இருக்கிறதுதானே நியாயம்? வசதியா இருக்காங்கன்னு ஒருத்தர்கிட்ட மட்டும் கூட வாங்கலாமா?" நல்ல கேள்வி. இதே கேள்வியை அமெரிக்காவிலும் பல வருஷமா கேட்டுக்கிட்டு இருக்காங்க. அந்தக் கதையைச் சொல்றேன், கேளுங்க.

அங்கே 65 வயது ஆனவங்களுக்கு 'மெடிகேர்' என்று ஓர் அரசுக் காப்பீடு உண்டு. 1965-ல் சட்டம் வந்தது. டாக்டர் செலவுக்கான பகுதிக்கு 1966-ல் எல்லாருக்கும் ஒரே சந்தா, மாதம் 3 டாலர்.

1988-ல் ஒரு புதுச் சட்டம் போட்டாங்க. மருந்துச் செலவுக்கும் உதவி உண்டு. ஆனா அதற்கான பணத்தில் பெரும் பங்கை வசதியான முதியவங்க கூடுதல் வரியாகக் கட்டணும். அவங்கள்ல பலருக்கு வேலை பார்த்த இடத்திலிருந்தே அந்த வசதி ஏற்கெனவே இருந்தது. "எங்ககிட்ட இருக்கிறதுக்கு நாங்க ஏன் மறுபடி கட்டணும்?" என்று பெரிய எதிர்ப்பு. 1989-லேயே சட்டத்தை ரத்து செஞ்சுட்டாங்க. நஷ்டம் யாருக்கு? மருந்து வாங்க வழியில்லாத ஏழை முதியவங்களுக்குத்தான். மெடிகேரில் மருந்துக் காப்பீடு மறுபடி வர 2006 ஆயிடுச்சு.

அப்புறம் 2007 முதல் வேறு முறை வந்தது. சாதாரண வருமானக்காரங்க டாக்டர் செலவுப் பகுதியில் கால் பங்குதான் சந்தாவாகக் கட்டுறாங்க; மீதி அரசு தருது. வருமானம் ஏற ஏற அரசு தர்ற பங்கு குறையும். 2025-ல் சாதாரணச் சந்தா மாதம் 185 டாலர், சுமார் 16,000 ரூபாய். வருஷம் 5 லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ள தனிநபருக்கு 628 டாலர் 90 சென்ட், சுமார் 54,000 ரூபாய். ரொம்ப ஏழைகளுக்குச் சந்தாவை அரசே கட்டிடும்.

கூடக் கட்டுறவங்க சொல்றதையும் கேட்கணும். "உழைச்ச காலத்திலேயே சம்பளத்துக்கு ஏற்ப மெடிகேர் வரி கட்டினோமே!" என்கிறாங்க. அதுவும் உண்மைதான். இன்னொரு குறை பெண்களைத் தாக்குது. 2025-ல் கணவன் மனைவிக்கு வருமான வரம்பு 2,12,000 டாலர். தனி ஆளுக்கு 1,06,000. கணவர் இறந்துட்டா வரம்பு பாதியாயிடும். வருமானம் பாதியாகக் குறையாட்டி, அந்தம்மா கூடுதல் சந்தா கட்ட வேண்டியிருக்கும். வரம்பை ஒரு டாலர் தாண்டினாலும் அடுத்த படிச் சந்தாதான்.

நம்ம நாட்டில் வேறு இரண்டு வழி இருக்கு. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருமான வரம்பு வச்சாங்க. அதுக்கு மேலே இருக்கிறவங்களுக்கு இடமில்லை. மத்திய அரசு 2024 அக்டோபரில், 70 வயதும் அதுக்கு மேலும் ஆனவங்களுக்கு வருமானமே பார்க்காம, சந்தாவும் இல்லாம, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு தொடங்கி வச்சது.

என் கருத்தைக் கேட்டா, இருக்கிறவங்க கூடக் கட்டுறது நியாயம்தான். நோய் எல்லாருக்கும் வருது. கட்டுற சக்தி ஒண்ணா இல்லை. கூலிக்குப் போற பெண்ணுக்கு 100 ரூபாய் என்பது வீட்டு அரிசி. தோட்டம் உள்ளவங்களுக்கு அப்படி இல்லை. ஆனா கூடக் கட்டுறவங்களுக்கும் பலன் இருக்கணும். அவங்களைக் கேட்டுத்தான் முடிவு செய்யணும். இல்லேன்னா அவங்க விலகிடுவாங்க, நிதியும் கரைஞ்சுடும். 1989 நமக்குச் சொல்லும் பாடம் அதுதான்.

இன்னொரு விஷயம். அங்கே வருமானத்தை வரிக் கணக்கு காட்டிடுது. நம்ம ஊர்ல யார் வசதி, யார் ஏழைன்னு எதை வச்சு சொல்வோம்? மெத்தை வீட்டைப் பார்த்தா? அந்த வீட்டு மேல் எவ்வளவு கடன் இருக்கோ! விதவையா தனியா இருக்கிற அக்காவை எந்தப் படியில வைப்போம்?

இந்த இரண்டு கேள்வியையும் அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்க. யார் மனசும் நோகாம பேசி, முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கொண்டு வாங்க. சேர்ந்து முடிவெடுப்போம்.