தாளம் போடுவோர்

தம்புள்ளைக் குன்றின் படிகளில் ஏறிச் செல்வோர், பூசை வேளையாயின், குகைகளைக் காணுமுன்பே முழவோசையைக் கேட்பர். பழைய விகாரைகளில் வழங்கிவரும் ஹேவிசி என்னும் வாத்தியக் கூட்டின் ஓசை அது. தவுல, கோல்கொண்டு அறையும் தம்மெட்டம என்னும் இரட்டைப் பறை, ஹொரணாவ என்னும் சிறிய ஊதுகருவி ஆகியவற்றிடையே, கூரியதாய், ஒழுங்கு தவறாததாய் ஒரு வெண்கல ஒலி வந்துகொண்டிருக்கும். அதனை எழுப்பும் சிறு தட்டுகளுக்குத் தாலம்பொட்ட என்று பெயர். தவுல என்பது தவிலையும், தாலம் என்பது தாளத்தையும் நினைவூட்டுவதைத் தமிழறிந்தவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

சிங்கள மரபில் வாத்தியங்களை ஐந்து வகையாக்கிப் பஞ்ச தூரிய நாதம் என்பர். கையால் முழக்குவன, கோலால் முழக்குவன, இரண்டாலும் முழக்குவன, ஊதுவன, ஒன்றோடொன்று மோதி ஒலிப்பன என அவை அமையும். தமிழர் தோல், துளை, நரம்பு, கஞ்சம் எனப் பகுத்தனர். இரு பகுப்பிலும் வெண்கலத்துக்குத் தனி இடம் உண்டு. ஆயினும், மேளக் கூட்டில் தவிற்காரருக்குள்ள மதிப்பு தாளக்காரருக்கு இல்லை. மேடையின் ஓரத்தில் அவர் அமர்வார்; சன்மானத்திலும் அவருடையதே சிறு பங்கு. இதனினும் கொடுமை, பிறர் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுபவனை நம்மவர் ஜால்ரா என்று இகழ்வதாகும். இந்த இகழ்ச்சி எவ்வளவு பொருந்தாதது என்பதைத் தவிலின் தனி ஆவர்த்தனத்தைக் கேட்டவர் அறிவர். அப்போது நாகசுரம் ஓய்ந்திருக்கும். தவிற்காரர் கணக்குகளைப் பின்னி, அடியைத் தாண்டியும் அடிக்குப் பின்தங்கியும் எங்கெங்கோ சென்று திரும்புவார். அவ்வளவு நேரமும் தாளக்காரர் ஓரிழையும் விலகாது நிற்றல் வேண்டும். முழவின் கவர்ச்சியில் மயங்கி அவர் ஒருமுறை தடுமாறினால், தவிற்காரர் திரும்பி வருவதற்கு வீடே இராது. ஆமாம் போடுபவரோ அவர்? கூட்டம் முழுவதும் ஒருபுறம் இழுத்தாலும் இணங்காமல் நிற்பவர் அவர் ஒருவரே.

தாளத்தைப் பற்றிய கதை ஒன்று சைவ உலகம் நன்கறிந்தது. சீகாழிக்கு அண்மையிலுள்ள திருக்கோலக்காவில் குழந்தை ஞானசம்பந்தர் கை சிவக்கத் தாளமிட்டுப் பாடினாராம். அது பொறாத இறைவன் பொற்றாளம் ஈந்தருளினான். ஆனால் பொன்னிலிருந்து ஓசை பிறக்கவில்லை. பின்னர் அம்மையே ஓசை கொடுத்தாள். அதனால் அவளுக்கு ஓசைகொடுத்த நாயகி என்று பெயர். பக்தியோடு கேட்பவருக்கு இது திருவருளின் கதை. கன்னாரத் தொழில் அறிந்தவருக்கோ இதனுள் ஓர் உலோக உண்மையும் தெரியும். பொன் மென்மையானது, தட்டினால் ஒலியை விழுங்கிவிடும். தம்புள்ளைக் குகைகளுக்குப் பொன் பூசினான் நிசங்கமல்ல மன்னன். அவ்விடத்துக்கு ரங்கிரி, அதாவது பொற்குன்று என்றே பெயர். எனினும் அங்கே பேசுவது பொன்னன்று, வெண்கலமே.

செம்பு எண்பது பங்கும் வெள்ளீயம் இருபது பங்கும் சேர்ந்தால் மணியோசை தரும் வெண்கலம் கிடைக்கும். இதில் ஒரு விந்தை உண்டு. இரும்பைக் காய்ச்சி நீரில் தோய்த்தால் அது கடினமாகும். இவ்வெண்கலத்தைக் காய்ச்சித் தோய்த்தாலோ அது அடிக்கு இசைந்துகொடுக்கும். மெல்ல ஆறவிட்டால் கண்ணாடிபோல் நொறுங்கும். ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த மெல்லிய வெண்கலக் கிண்ணங்கள் வெள்ளீயம் மிகுந்தவை என்றும், காய்ச்சி அடித்து நீரில் தோய்க்கப்பெற்றவை என்றும் ஆராய்ந்தோர் கூறுவர். அந்த நுட்பம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று.

மேலைநாட்டு வாத்தியங்களுக்கு இத்தகைய தட்டுகளைச் செய்து புகழ்பெற்ற குடும்பம் துருக்கி நாட்டு ஆர்மீனியக் குடும்பம் ஒன்று. ஸில்ஜியன் என்னும் அதன் பெயருக்கே தாளம் செய்வோன் மகன் என்பது பொருள். கொன்ஸ்தாந்திநோபிளில் 1623ஆம் ஆண்டில் தொடங்கிய அதன் பட்டறை, 1929இல் அமெரிக்காவுக்குப் பெயர்ந்தது. அங்கே நீக்ரோவர் எனப் பிறரால் அழைக்கப்பட்ட கறுப்பின மக்களின் ஜாஸ் இசை வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. அதுவரை அவ்விசையில் காலில் மிதித்து அடிக்கும் பெரிய முழவே அடியைக் காட்டிவந்தது. 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் கென்னி கிளார்க் என்னும் முழவர் அந்த வேலையை முழவிலிருந்து எடுத்து, வலக்கைப்புறம் தொங்கும் அகன்ற வெண்கலத் தட்டிடம் ஒப்படைத்தார். அத்தட்டுக்கு ரைட் சிம்பல் என்று பெயர் வழங்கலாயிற்று. அடி இடைவிடாது தட்டில் ஓட, இடக்கையும் கால்களும் விடுதலை பெற்றன. பாடுவோருக்கும் ஊதுவோருக்கும் மறுமொழி சொல்ல அவற்றுக்கு ஓய்வு கிடைத்தது. பெரிய மேளத்தில் தாளக்காரர் தனியே செய்வதை இங்கே ஒருவரே ஒரு கையால் செய்கிறார். வேற்றுமை அவ்வளவே.

தம்புள்ளையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதிகள் பல உண்டு. அங்கும், கலியாண மண்டபங்களிலும் மாலை வேளையில் வாசிக்கும் இசைக்குழுக்களின் முழவருக்கு இத்தட்டைத் தெரிந்தெடுப்பது பெண் பார்ப்பதை ஒத்த காரியம். முழவின் தோலைத் தளர்த்தலாம், இறுக்கலாம், கிழிந்தால் மாற்றலாம். தட்டின் குரலை மாற்ற வழியில்லை. வாங்கியது வாங்கியதுதான்.

தட்டின் நடுவே எழும்பி நிற்பது குமிழ். அங்கே தட்டினால் மணியோசை. குமிழுக்கும் விளிம்புக்கும் இடையிலுள்ள வளைவே தாளம் ஓடும் பாதை. தட்டு தடித்ததாயின் ஒவ்வோர் அடியும் முத்துமுத்தாய்த் தெரியும். ஒலி உயர்ந்தும் சற்றே வறண்டும் இருக்கும். மெல்லியதாயின் ஒலி தாழ்ந்து, விரைவில் விரிந்து, அடிகளின் மேல் மழைபோல் படியும். இருபது முதல் இருபத்திரண்டு அங்குல அகலமே பெரும்பாலோர் விரும்புவது. குச்சியின் நுனி மரமா நைலோனா என்பதும் கூடக் குரலை வேறாக்கும். இவையெல்லாம் அறிந்தவரும் கடையில் ஏமாறுவதுண்டு. தனித்துத் தட்டும்போது நெடுநேரம் இனிமையாய் இரைந்து மயக்கும் தட்டு, குழுவோடு சேர்ந்தவுடன் அடியையும் பாடலையும் ஒருங்கே மூழ்கடித்துவிடும். கடையில் கரடுமுரடாய்க் கேட்ட ஒன்று மண்டபத்தில் தெளிவாய் ஒலிக்கும். ஆதலின் அநுபவம் முதிர்ந்தோர் தம் குச்சியையே கையோடு கொண்டுசெல்வர். முதலில் மெதுவாகத் தட்டிப் பார்ப்பர். பிறகு வேறொருவரைத் தட்டச் சொல்லி, தாம் இருபது அடி தள்ளி நின்று கேட்பர். வாசிப்பவன் காதில் விழுவது ஒன்று, சபையோர் காதில் விழுவது மற்றொன்று என்பதைப் பெரும்பாலோர் முதல் தட்டை வாங்கிய பின்னரே கற்றுக்கொள்கின்றனர்.

இத்துணை ஆராய்ச்சிக்கும் கையில் பணம் வேண்டுமே. தொடக்கக் கருவிகளோடு வருபவை பெரும்பாலும் பித்தளைத் தட்டுகள். அவற்றில் வெள்ளீயத்துக்குப் பதிலாகத் துத்தநாகம் கலந்திருக்கும். ஒலி எழுந்த இடத்திலேயே மடியும். நல்ல வெண்கலமோ கடல் கடந்து வர வேண்டியது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாயிருந்த அமெரிக்க டாலர் சில மாதங்களுக்குள் 350 ரூபாயைக் கடந்தது. அயல்நாட்டில் விலை ஏறாத தட்டும் இங்கே கைக்கு எட்டாததாயிற்று. பயணிகளும் வரவில்லை, விடுதிகளில் இசையும் இல்லை. அக்காலத்தில் கருவிகளை விற்றவர் உண்டு. விற்பதாயினும் முழவுகளை முதலில் விற்று, ரைட் தட்டை மட்டும் துணியில் சுற்றிக் கட்டிலின் கீழ் வைத்துக்கொள்வதே இத்தொழிலில் உள்ளவர் இயல்பு. முழவை இரவல் வாங்கலாம். பழகிய தட்டை யாரிடம் இரவல் கேட்பது?

தம்புள்ளையில் வெண்கலம் முழங்கும் இடம் இன்னொன்றும் உண்டு. அங்குள்ள சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்தில் ஆட்டம் நடக்கும் நாட்களில், பப்பரே குழுவினர் ஊதுகருவிகளோடும் முழவுகளோடும் கைத்தட்டுகளையும் மோதி ஆரவாரம் செய்வர். அங்கே நுட்பத்துக்கு இடமில்லை. வெயிலில் நாள் முழுவதும் ஓங்கி அறைந்து விளிம்பு வெடித்த தட்டுகளும் ஒலித்தபடியே இருக்கும். கேட்பவர் எவரும் குறை சொல்வதில்லை. கூட்டத்துக்கு வேண்டியது உற்சாகம். அது குறைவின்றிக் கிடைக்கிறது. ஏ9 வீதியில் தெற்கே சென்று மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேர்விழாவில் நின்றாலோ, ஐந்து தேர்கள் அசைந்து வர, முன்னே நாகசுரமும் தவிலும் முழங்க, தாளக்காரர் பின்னோக்கி நடந்தபடியே அடி தவறாது தாளமிடுவதைக் காணலாம். அவர் முகத்தை எவரும் பார்ப்பதில்லை. சனங்கள் தவிற்காரரின் விரல்களையே பார்ப்பார்கள்.

பழைய தட்டுகளுக்கு நேரும் தீங்கு பெரும்பாலும் வெடிப்பே. குச்சியின் தண்டால் விளிம்பைச் செங்குத்தாய் அறைவதாலும், தாங்கியின் திருகாணியை மிக இறுக்கித் தட்டை அசையவொட்டாமல் செய்வதாலும் அது உண்டாகிறது. மயிரிழைபோல் தோன்றும் வெடிப்பு, ஒவ்வோர் அடிக்கும் சிறிது சிறிதாய் நீளும். புதிது வாங்க இயலாதவர் செய்யும் வைத்தியம் ஒன்றுண்டு. வெடிப்பு எங்கே முடிகிறதோ அவ்விடத்தில் சிறு துளையொன்றைத் துறப்பணத்தால் இடுவர். வெடிப்பின் கூர்முனை வட்டமாகிவிடுவதால் அது மேலே ஓடாமல் பெரும்பாலும் நின்றுவிடும். குரல் சற்றுக் கம்மும், நீளம் குறையும். ஆயினும் அடி அடியாகவே கேட்கும். அவ்விதம் துளையிட்ட தட்டை, வெடித்த பக்கம் குச்சி படாதவாறு திருப்பி மாட்டி, மேலும் சில ஆண்டுகள் வாசிப்பவர் உண்டு. இடையிடையே அது தானே சுழன்று வெடிப்பு முன்னே வந்துவிடும். அப்போது அவர் பாட்டை நிறுத்துவதில்லை. இடக்கையால் விளிம்பைப் பற்றி மெல்லத் திருப்பிவிட்டு, வலக்கையால் தாளத்தைத் தொடர்ந்து நடத்துகிறார்.