காட்டேரி குடித்த இரத்தம்



இரத்தம் குடிக்கும் பேய் என்றதும் உங்களில் பலருக்கு பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய டிராகுலா நினைவுக்கு வரும். அந்தப் பிரபுவுக்குக் கோட்டையும் குதிரை வண்டியும் உண்டு. நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்த எனக்குத் தெரிந்தவள் காட்டேரி. அவளுக்கு ஓடைக்கரையில் ஒரு கல், அவ்வளவுதான். பெண்களின் இரத்தத்தைத்தான் குடிப்பாள். பிள்ளைத்தாய்ச்சி என்றால் விடவே மாட்டாள் என்பார்கள்.

எனக்கு அப்போது 14 வயது. கொழுந்து எடுக்கப் போன அக்கா மலையிலே மயங்கி விழுந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. யாருக்கும் தெரியாமல் அடுப்புச் சாம்பலை அள்ளித் தின்றாள். "உச்சி நேரத்துல பீலிக்குப் போனா, காட்டேரி அடிச்சிருச்சு" என்றார் அம்மாயி.

எங்கள் தாய்மாமன்தான் பூசாரி. வெள்ளிக்கிழமை இரவு என்னை எழுப்பினார். "நீ இனிமே சின்னப்பய இல்லடா. லாம்ப எடு."

கறுப்புக் கோழி, சாராயம், சுருட்டு, கருவாடு. மாமா உடுக்கை அடிக்க, தேயிலைச் செடிகளெல்லாம் குனிந்து கேட்பதுபோல் இருந்தது. படையலை அங்கேயே உண்ண வேண்டும். மிச்சம் வீட்டுக்கு வரக்கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. பெரியவர்களின் இரகசியத்தில் எனக்கும் பங்கு கிடைத்துவிட்டது. அந்தப் பெருமையைச் சொல்லி முடியாது. பள்ளிக்கூடத்துக்குக்கூட எலுமிச்சம்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

சில நாட்கள் ஓய்வாக இருந்ததில் அக்கா கொஞ்சம் தேறினாள். மாமாவின் பேர் மூன்று டிவிஷனுக்கும் பரவியது.

அப்போதுதான் கீழ் லயத்து மாமா ஒருவர் என்னைப் பீலியடியில் நிறுத்தினார். அவர் மனைவிக்கு எட்டாம் மாதம். அதே வெளுப்பு, அதே மூச்சு வாங்கல். "தம்பி, ஒங்க அக்காவுக்கு சரியாகிருச்சா?"

"முழுசா சரியாகிருச்சு மாமா" என்றேன்.

டிஸ்பென்சரிக்குப் போக இருந்தவர்கள் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தார்கள். அன்றும் லாம்பு பிடித்தது நான்தான். இரண்டு வாரத்தில் பிரசவ வலி வந்தது. கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். ஹட்டனைத் தாண்டவில்லை.

அக்கா மறுபடி விழுந்தபோது அம்மா யாரையும் கேட்கவில்லை. டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் ஐயா அக்காவின் கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தார். பிறகு பாதத்தைப் பார்த்தார். "செருப்பு இருக்கா?" என்றார். பூச்சி மருந்தும் இரும்புச் சத்துக் குளிசையும் கொடுத்தார்.

கொழுக்கிப்புழு மண்ணிலிருந்து உள்ளங்கால் வழியே ஏறிக் குடலைக் கௌவிக்கொள்கிறது. ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது கால் மில்லிலீற்றருக்கும் குறைவு. நூறு, இருநூறு சேர்ந்தால்? 1916இலேயே அமெரிக்க றொக்பெல்லர் மன்றம் இலங்கையில் இதற்கெதிரான இயக்கத்தைத் தொடங்கிற்று. தோட்டத்து லயங்களுக்குக் கக்கூசு வேண்டுமென்று அப்போதே சொன்னார்கள். நான் பிறந்த லயத்தில், நான் லாம்பு பிடித்த காலத்திலும் அது கிடையாது, எல்லாருக்கும் தேயிலைக்குள்தான்.

நமது மலையகக் கதைகளில் இரத்தம் உறிஞ்சும் அட்டை எத்தனையோ தடவை வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரிவதால் அதை எழுதுவது சுலபம். காட்டேரியை மூடநம்பிக்கை என்று ஒரு வரியில் தள்ளிவிடுகிறோம். இரத்தம் போகிறது என்பதை மாமா சரியாகத்தான் கண்டிருந்தார். யார் குடிக்கிறார்கள் என்பதில்தான் தவறினார்.

அந்தச் சாவுக்குப் பிறகு மாமா உடுக்கையைத் தொடவில்லை. கீழ் லயத்து மாமா பின்னர் பலமுறை எதிரே வந்திருக்கிறார். "படிப்பெல்லாம் எப்படி தம்பி?" என்று கேட்பார். வேறொன்றும் கேட்டதில்லை.