மீனைப் பிடிக்காமல் மீனை அறிவது

வலையில் ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. ஆனாலும் தண்ணீரைச் சோதித்துவிட்டு, "அந்த மீன் இங்கே வந்துவிட்டது" என்கிறார்கள். நம்பலாமா? அமெரிக்காவின் சிகாகோவில் எழுந்த இந்தக் கேள்வி அந்நாட்டு உச்ச நீதிமன்றம்வரை போனது. வெள்ளிக்கெண்டையும் பெருந்தலைக் கெண்டையும் அங்கே 1970களில் குளத்துப் பாசியைத் தின்பதற்காக வரவழைக்கப்பட்டவை. வெள்ளிக்கெண்டை நம் ஊர்ப் பண்ணைக்குட்டைகளிலும் வளர்கிற மீன்தான். அங்கே அவை தப்பி, மிசிசிப்பியிலும் இல்லினாய் ஆற்றிலும் பெருகி, உள்ளூர் மீன்குஞ்சுகளின் இரையான மிதவை நுண்ணுயிர்களை வாரித் தின்றன. இந்த ஆறுகளை மிச்சிகன் ஏரியோடு இணைக்கிறது 1900-இல் திறக்கப்பட்ட ஒரு கால்வாய். ஏரிக்குள் கெண்டை நுழையாதபடி அந்தக் கால்வாயில் மின்வேலி போட்டிருந்தார்கள். அந்த வேலிக்கு அப்பால் எடுத்த தண்ணீரில் கெண்டையின் டி.என்.ஏ. இருப்பதாக நோட்ரடாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் கண்டறிந்தார்கள். படகு மதகுகளை மூடச் சொல்லி மிச்சிகன் மாநிலம் வழக்குத் தொடர்ந்தது. நீதிமன்றம் உடனடித் தடை தர மறுத்துவிட்டது.

மீனின் கோழையிலும் கழிவிலும் கலந்து அதன் செல்கள் ஓயாமல் உதிர்கின்றன. இரண்டு லிட்டர் தண்ணீரை வடிகட்டி, அந்த இனத்துக்கே உரிய டி.என்.ஏ. துண்டைப் பி.சி.ஆர். முறையில் பெருக்கினால் அது வெளிப்பட்டுவிடும். ஆனால் டி.என்.ஏ. இருந்தால் மீனும் இருக்கிறதா என்று சந்தேகப்பட்டவர்கள் வீண்வாதம் செய்யவில்லை. கெண்டையைத் தின்ற பறவையின் எச்சம், சரக்குப் படகில் ஒட்டிவந்த செத்த மீன், சந்தைக் கழிவு கலக்கும் சாக்கடை என்று டி.என்.ஏ. வந்து சேர வேறு வழிகளும் உண்டு. 2010 ஜூனில் வேலிக்கு அப்பால், கேலுமெட் ஏரியில், உயிருள்ள பெருந்தலைக் கெண்டை ஒன்று பிடிபட்டது. அதை வைத்துப் பழைய சோதனைகள் எல்லாமே சரி என்று சாதிப்பதும் நியாயமில்லை.

இந்தச் சந்தேகத்துக்கு விடை வேகத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. தண்ணீரில் டி.என்.ஏ. சில நாட்களிலோ வாரங்களிலோ சிதைந்துவிடும்; மீனும் ஓரிடத்தில் நிற்பதில்லை. மாதிரி ஆய்வகத்துக்குப் போய் வாரக்கணக்கில் காத்திருந்து வரும் முடிவு, என்றோ இருந்த நிலையைத்தான் சொல்கிறது. கையடக்கப் பி.சி.ஆர். கருவியோ கரையிலேயே ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் விடை தருகிறது. அப்போது அன்றைக்கே நீரோட்டத்தின் மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என்று மறுபடி தண்ணீர் மொள்ளலாம். பறவை எச்சத்தால் வந்த தடயம் பெரும்பாலும் மங்கிப் போகும். மீன் அங்கேயே வாழ்ந்தால் அது திரும்பத் திரும்பத் தலைகாட்டும். ஒற்றை முடிவால் தீர்க்க முடியாததைத் தொடர் முடிவுகள் பெருமளவு தெளிவாக்கிவிடும்.

கரையோரக் கருவி ஆய்வகம் அளவுக்குத் துல்லியமாக இராது என்பார்கள். உண்மைதான், தடயம் தென்படாவிட்டால் மீனே இல்லை என்றும் ஆகாது. ஆனால் இரண்டு பிழைகளும் சமமல்ல. பொய்யான எச்சரிக்கையால் சில நாள் வலைவீச்சு வீணாகும், அவ்வளவே. உண்மையான எச்சரிக்கையைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இல்லினாய் ஆறே சான்று: அங்கே கெண்டையை ஒழிக்க வழி தெரியாமல், மீனவர்களுக்குப் பணம் கொடுத்து ஆண்டுதோறும் அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். 2017 ஜூனில் வேலிக்கு அப்பால், ஏரிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்குள், ஒரு வெள்ளிக்கெண்டை சிக்கியதும் படகுகளை இறக்கி இரண்டு வாரம் தீவிரமாகத் தேடினார்கள். வேறு எதுவும் அகப்படவில்லை. அடுத்தடுத்த சோதனைகளில் விடாமல் தடயம் தெரிகிற இடத்திலும் அதே படகுகளை, மீன் கைக்கு வரும்வரை காத்திராமல், இறக்க வேண்டும் என்கிறேன்.